பெரிய எழுத்துக் கிணறு

ஆதிகேசவனுக்கு இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து தெரியும். இருபத்தாறும் பெரிய எழுத்து. சின்ன எழுத்து என்று இன்னொரு கூட்டம் இருப்பது நாற்பது வயதுவரை அவன் காதில் விழவில்லை.

வேலூருக்கும் சத்துவாச்சாரிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் ஷாப்பில் அவன் வேலை பார்த்தான். பதனிட்ட தோலைச் சிப்பமாகக் கட்டிச் சீமைக்கு அனுப்புவார்கள். சிப்பத்தின் கோணிமேல் மார்க்கு போடுவது அவன் வேலை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு தகரத் தகட்டில் வெட்டியிருக்கும். தகட்டைக் கோணிமேல் வைத்து, பிரஷ்ஷை மையில் தோய்த்துத் தட்டினால் எழுத்து விழும். 'ஆர்' தகட்டுக்கு ஒரு கால் நசுங்கியிருந்தது. அதனால் அந்த ஷாப்பிலிருந்து கப்பலேறிய ஆர் எல்லாம் நொண்டி.

மார்க்குக்கு முறை உண்டு. மேல் வரியில் அனுப்புகிற இடம். நடு வரியில் சரக்கு. கீழ் வரியில் போய்ச் சேர வேண்டிய இடம். மேல் வரி மழையில் கரைந்தாலும் பாதகமில்லை. நடு வரியை யாரும் படிப்பதில்லை. கீழ் வரிதான் எல்லாம். ஒரு தடவை ஹாம்பர்க் போக வேண்டிய சிப்பத்தில் கைமறதியாக லண்டன் என்று தட்டிவிட்டான். சிப்பம் லண்டனுக்குப் போயிற்று. லண்டன்காரன் வைத்துக்கொண்டான். முதலாளி குதித்தார். கீழ் வரியில் தன் ஊர் இருக்கும்போது அவன் ஏன் திருப்பித் தருவான்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் சித்திரையில் பட்டைத் தெருக் கிணறு நிறம் மாறியது. பட்டைத் தெரு ஷாப்பை ஒட்டிய தெரு. முப்பத்திரண்டு வீடு, ஒரு கிணறு. ஷாப்பில் தோல் பதனிட்டு மிஞ்சிய ஆவாரம்பட்டைச் சாற்றைக் கொட்டப் புதுக் குழி ஒன்று வெட்டியிருந்தார்கள். சாறு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.

ஆதிகேசவனின் பெண்சாதி பூவம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னா இது?" என்றான்.

"நீதான் சொல்லு. தோல ஊறவெக்கிற தண்ணியா, பொண்ண ஊறவெக்கிற தண்ணியா?"

அவர்கள் மகள் தேவகி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். அவளுக்காகப் பூவம்மாள் தினமும் பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, அரை நாளில் ஒரு குடம் கொண்டுவந்தாள். தேவகியின் மாமியார் கலவை என்ற ஊரிலிருந்து ஆள் அனுப்பியிருந்தாள். தண்ணீர் இல்லாத வீட்டில் பேரப்பிள்ளை பிறக்க வேண்டாம், பெண்ணை வண்டியேற்றி அனுப்புங்கள் என்று.

"எட்டு மாசத்துப் புள்ளத்தாச்சிய மாட்டு வண்டியில அனுப்பட்டுமா?" என்றாள் பூவம்மாள். "எதுனா செய்யி. சீமைக்கெல்லாம் எழுதி அனுப்பறியே. இங்க இருக்கற வேலூருக்கு எழுதத் தெரியாதா உனக்கு?"

வேலூரில் அப்போது ஆங்கில மனுப் பரிசோதனை அலுவலகம் என்று ஒன்று இருந்தது. சர்க்காருக்குப் போகும் மனு எதுவானாலும் முதலில் அங்கே போக வேண்டும். மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. எப்படிக் கேட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். யாரோ ஒரு மிராசுதார் தன் மனுவில் கவர்னரைச் சின்ன எழுத்திலும் தன் எருமையைப் பெரிய எழுத்திலும் எழுதிவிட்டாராம். அன்றைக்குத் திறந்த ஆபீஸ் அது. பதினோரு பேர் வேலை பார்த்தார்கள்.

ஷாப்பில் இங்கிலீஷ் தெரிந்தவர் குமாஸ்தா கோவிந்தசாமி ஒருவர்தான். ஆதிகேசவன் அவரிடம் போய் மனு எழுதித் தரக் கேட்டான்.

"நான் எழுத மாட்டேன்" என்றார் கோவிந்தசாமி. "என் கையெழுத்து முதலாளிக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தா வாயால சொல்றேன். நீ தகட்ட வெச்சுத் தட்டிக்க."

ஆதிகேசவனுக்குச் சந்தேகம் வந்தது. கூலி கேட்காமலே உதவி செய்கிறவனை அவன் நம்பியதில்லை. "உங்களுக்கு இன்னா லாபம்?"

"எங்க வூட்டுக் கிணறும் நேத்திலேருந்து கலங்கலா இருக்குது. போதுமா?"

போதும். கோணிக்குள் விரிக்கிற பழுப்புக் காகிதத்தில் ஒரு முழம் கிழித்தான்.

"மேல் வரி இன்னா போடட்டும்?"

"ஒண்ணும் போடாத. உன் பேரும் வேணாம், தெருப் பேரும் வேணாம். முதலாளி காதுல வுழுந்தா ரெண்டு பேரும் அவுட்."

"அப்ப கிணறு எங்க வெட்டுவாங்க?"

"விசாரிக்க வருவாங்க இல்ல? அப்ப வாயால சொல்லு."

எங்கள் கிணறு கெட்டுவிட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை, கிணறு ஒன்று வெட்டித் தர வேண்டும் என்று நடு வரிகள் விழுந்தன. மனுவுக்குக் கீழே கையெழுத்துப் போடுவார்கள் என்று ஆதிகேசவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோவிந்தசாமி முதலாளி கூப்பிட்டார் என்று எழுந்து போயிருந்தார். கீழ் வரி காலியாக இருந்தால் சரக்கு போய்ச் சேராது. போகும்போது அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆபீஸ் பெயரைக் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துக் கீழ் வரியில் தட்டினான். எழுத்துகள் தீக்குச்சி நீளத்துக்குக் கறுப்பாக நின்றன. நல்ல மார்க்கு என்று நினைத்தான். மறுநாள் ஆபீஸ் வாசல் பெட்டியில் யாரும் பார்க்காதபோது போட்டுவிட்டு வந்தான்.

ஒன்பதாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் ஷாப்புக்கு வந்து தகட்டைக் காட்டு என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 'ஆர்' தகடு கைக்கு வந்ததும் சிரித்தார். மனுவை எழுதிய மர்ம ஆசாமியைத் தேடி நான்கு நாளாகக் காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் சிப்பம் சிப்பமாகப் புரட்டியிருக்கிறார்கள். நொண்டி ஆர் காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலாளி அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. விசாரணை முடியும்வரை சந்தேகத்துக்கு உரியவன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அந்த ஆபீஸ் அவனுக்குச் செய்த முதல் நன்மை அது. தெரிந்து செய்ததில்லை.

ஆபீஸில் அவனை வராந்தாவில் ஏறவிடவில்லை. தோல் வாசனை ஃபைலில் ஏறிவிடுமாம். புங்க மரத்தடியில் நிற்கவைத்தார்கள். தலைமை எழுத்தர் சீனிவாசன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு கனத்த பதிவேடு. பெரிய எழுத்துக்கு யார் யார் பாத்தியதைப்பட்டவர்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் பெரிய எழுத்துல எழுதியிருக்க" என்றார். "யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லலீங்க சாமி. தகடு அப்படித்தான் இருக்குது."

"தகடு மேல பழியப் போடாத. சக்கரவர்த்திக்குப் பெரிய எழுத்து. கடவுளுக்குப் பெரிய எழுத்து. கலெக்டருக்கு உண்டு. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இல்ல. எனக்கே இல்லப்பா! இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பேருக்கு உண்டு, உத்தியோகத்துக்கு இல்ல. கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், பரிசீலனையில இருக்கு. நீ என்னடான்னா தண்ணிக்குக் கொடுத்திருக்க!"

பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டார். சொந்த வீட்டுத் துக்கம் போலத்தான் இருந்தது.

"மே மாசத்துக்கு உண்டு" என்று விரலை மடக்கினார். "கோடைக்கு இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு உண்டு, சூரியனுக்கு இல்ல. பாலாறுக்கு உண்டு. தண்ணிக்கு இல்ல."

பாலாறு உண்டு, தண்ணீர் இல்லை என்பது ஆதிகேசவனுக்கும் தெரியும். தலையாட்டினான்.

"ஒரு வாக்கியத்துல முதல்ல நிக்கறவனுக்குப் பெரிய எழுத்து. ஏன்னா அவன் முதல்ல நிக்கறான். 'நான்'ங்கிற சொல்லுக்கு எங்க வந்தாலும் பெரிய எழுத்து. அது வெள்ளைக்காரன் தன்னை நினைச்சு வெச்ச விதி. உன்ன மாதிரி ஆளும் அத எழுதிடலாம்ங்கறத அவன் யோசிக்கல. அந்த ஓட்டைய அடைக்கத்தான் நாங்க இருக்கோம்." மனுவை விரித்தார். "ஆனா உன் மனுவுல 'நான்' ஒரு இடத்துலயும் இல்ல. எங்கள், எங்கள்னு போகுது. எத்தன பேர்?"

"முப்பத்திரண்டு வூடு சாமி."

"கூட்டம்" என்று எழுதிக்கொண்டார்.

'நான்' என்று எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஆதிகேசவன் யோசித்தான். திமிர் என்று எழுதியிருப்பார். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் குழி இருந்தது.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு." சீனிவாசன் மனுவின் கீழ் வரியைத் தொட்டார். "எங்க ஆபீஸ் பேருல நீ எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

"கையெழுத்து இல்ல சாமி. அது போய்ச் சேர்ற எடம்."

"போய்ச் சேர்ற இடம் மேலதான் இருக்கும்."

"எங்களுக்குக் கீழ இருக்கும் சாமி. மேல இருந்தா சிப்பத்த அடுக்கறப்போ தெரியாது."

சீனிவாசன் கீழ் வரியை மறுபடி படித்தார். இவ்வளவு எளிய காரணம் உண்மையாக இருக்கும் என்று அந்த ஆபீஸில் யாரும் நம்பிப் பழக்கமில்லை.

"எல்லா எழுத்தும் பெரிசா இந்த ஆபீஸுக்கு வர்றது உலகத்துலயே ஒண்ணுதான்" என்றார். "சென்னை மேலாபீஸ் தந்தி. வந்தா எழுந்து நின்னு படிப்போம். அதுல நாங்க கை வெக்கறதில்ல. நீ அந்த மாதிரி எழுதியிருக்கேன்னா உன் மனசுல என்ன இருக்குன்னு நாங்க யோசிக்க மாட்டோமா?"

"தண்ணிதான் சாமி இருக்குது."

"போ. மனுவச் சரியான அளவுல திருப்பி எழுதிக்கொண்டா."

"என்கிட்ட சின்ன எழுத்துத் தகடு இல்லியே சாமி."

அது நியாயம் என்று அவருக்குப் பட்டது. மனுதாரர் உபயோகத்துக்குச் சின்ன எழுத்துத் தகடு ஒரு செட், இருபத்தாறு உருப்படி, வாங்க அனுமதி கேட்டு வழக்கப்படி சென்னைக்கு எழுதினார். வழக்கப்படி என்பது அந்த ஆபீஸில் தாராளமாகக் கிடைத்த ஒரே பொருள். அங்கே எதைச் செய்தாலும் வழக்கப்படி செய்தார்கள். செய்யாவிட்டாலும் வழக்கப்படி செய்யவில்லை.

பத்து நாள் கழித்து ஆபீஸின் தலைவர், சூப்பரின்டென்ட் ராமமூர்த்தி, ஜட்கா வண்டியில் பட்டைத் தெருவுக்கு வந்தார். கூடவே சீனிவாசன், ஒரு பியூன், ஒரு குடை, ஒரு கூஜாத் தண்ணீர். தெருவே கூடிவிட்டது. கிணற்றைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்று பூவம்மாள் சந்தோஷப்பட்டாள். ஆதிகேசவன் கூஜாவைப் பார்த்தான். தண்ணீர் விசாரிக்க வருகிறவன் தண்ணீரோடு வருவது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

ராமமூர்த்தி கிணற்றைச் சுற்றி டேப் பிடிக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"இந்தக் கிணத்துக்குப் பேர் உண்டா?"

"கிணறுதாங்க" என்றான் ஆதிகேசவன்.

"ராஜா கிணறு, ராணி கிணறு, அப்படி? பேர் இருந்தா பெரிய எழுத்துக்கு இடமுண்டு. இல்லாட்டி உலகத்துல ஆயிரம் கிணறு, அதுல இது ஒண்ணு. மகாராஜா, லாட் துரை, யாராவது இதுல தண்ணி குடிச்சிருக்காங்களா?"

"அவங்க எங்க சாமி இங்க வர்றாங்க" என்று பின்னாலிருந்து பூவம்மாள் சொன்னாள். சொம்போடு முன்னால் வந்தாள். "நீங்க குடிங்க. உங்க பேரையே வெச்சிடறோம்."

ராமமூர்த்தி சொம்புக்குள் பார்த்தார். "காப்பியா?"

"கிணத்துத் தண்ணி சாமி."

"விசாரணையில இருக்கற பொருளை அதிகாரி உட்கொள்ளக் கூடாது. ரூல் இருக்கு." இரண்டடி பின்னால் போனார். "அம்மா, நீங்கள்லாம் ஒண்ணு புரிஞ்சுக்கணும். சர்க்காருக்கு உங்க மேல கோபமில்ல. எதுக்கு எவ்வளவு உயரம்னு சர்க்கார் ஒரு அளவு வெச்சிருக்கு. அந்த அளவு தப்பினா நாளைக்கு யார் யாருக்கு எழுந்து நிக்கறது? தாகம் வரும், போகும். அளவு போனா வராது."

அடுத்த வீட்டு ஜஹீருன்னிசா, ஷாப்பில் தோலிலிருந்து ரோமம் சிரைத்துப் பிரிக்கிறவள், குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "அரே பூவம்மா, இவருக்கு தாகம் எடுத்தா கூஜா இருக்குதுல்ல. எழுத்து எதுக்கு? பேஜார்."

பியூன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டான். ராமமூர்த்தி கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்தார். வண்டியில் ஏறினார். அன்று எழுதிய அறிக்கை இப்படி: கிணறு பெயரற்றது. ஆகவே சிறிய எழுத்து. தோல் ஷாப்பு பெயருள்ளது, யுத்த நிதிக்கு நன்கொடை கொடுத்தது. ஆகவே பெரிய எழுத்து. தண்ணீரின் நிறம் இந்த அலுவலகத்தின் வரம்பில் வராது.

அன்று சாயங்காலம் தேவகிக்கு வயிற்றைக் கலக்கியது. ஊற்றுத் தண்ணீர் தீர்ந்து, தாகம் தாங்காமல் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்திருக்கிறாள். இரண்டு நாள் படுத்தாள். கலவையிலிருந்து மறுபடி ஆள் வந்தான். இந்த அமாவாசைக்குள் தண்ணீருக்கு வழி செய்யாவிட்டால் வண்டியோடு வருவோம் என்றான்.

"இன்னா ஆச்சு உன் மனு?" என்றாள் பூவம்மாள்.

"ஜாஸ்தியா வளர்ந்துடுச்சாம். இருநூத்திப் பதினாலு பக்கம்னு கோவிந்தசாமி சொல்றாரு."

"புள்ள கூட அவ்ளோ வளர்லய்யா உள்ள."

மனு வளர்ந்தது உண்மை. இது ராஜத் துரோகமா, வெறும் அறியாமையா என்று தீர்மானிக்க முடியாமல் ஃபைலைச் சென்னைக்கே அனுப்பிவிட்டார்கள். குற்றப் பொருள் என்பதால் ஆதிகேசவனின் பழுப்புக் காகிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நாடா போட்டுக் கட்டினார்கள்.

சென்னையில் நடந்ததைக் கோவிந்தசாமி பிற்பாடு பியூனிடம் விசாரித்துச் சொன்னார். மேலாபீஸ் அதிகாரிக்கு இருநூற்றுப் பதினாலு பக்கம் படிக்க நேரமில்லை. மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தார். எல்லாம் பெரிய எழுத்து. ஆகவே தந்தி. கீழே வேலூர் ஆபீஸின் பெயர். ஆகவே அவர்கள் அனுப்பியது. எங்கள் கிணறு கெட்டுவிட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை, கிணறு ஒன்று வெட்டித் தர வேண்டும். அடடா, கோடையில் சர்க்கார் சிப்பந்திகள் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்களே என்று அவர் மனம் இளகியது. உடனே பதில் தந்தி கொடுத்தார்.

தந்தி வந்தபோது பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். கிணற்றை உடனே வெட்டு, பெயர்ப் பலகை வை, முடித்ததும் தெரிவி. எல்லாம் பெரிய எழுத்து. எந்தக் கிணறு, எங்கே, ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்டு எழுதலாம் என்று ஒரு இளைய குமாஸ்தா சொன்னான். அவனை உட்காரச் சொன்னார்கள். தந்தி ஆபீஸுக்கு வந்தது, ஆகவே கிணறு ஆபீஸுக்கு.

புங்க மரத்துக்குப் பத்தடி தள்ளிக் குழி விழுந்தது. ஆதிகேசவன் சேதி கேட்டு ஒரு மைல் நடந்து பார்க்க வந்தான். தன் மனுவைப் புதைக்கத்தான் தோண்டுகிறார்கள் என்று நினைத்தான். இருநூற்றுப் பதினாலு பக்கத்துக்கு இவ்வளவு ஆழம் வேண்டுமா என்றும் ஒரு சந்தேகம். பதினோராம் நாள், பதினெட்டடியில், தண்ணீர் குதித்து வந்தது. வெட்டிய ஆள் ஒரு கை மொண்டு குடித்துவிட்டு, "இளநீருய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

ஆதிகேசவன் சீனிவாசனிடம் போனான். "சாமி, நாங்க எங்க தெருவுக்குத்தானே கேட்டோம்?"

"உன் மனு விசாரணையில இருக்கு. இது தந்தி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"கேட்டது கிணறு. வந்தது கிணறு."

"அதனாலதான் உன் மேல சந்தேகம் இன்னும் போகல" என்றார் சீனிவாசன். "நல்ல வேளை, நீயே வந்துட்ட. பலகைக்கு மார்க்கு போட ஆள் தேடிட்டிருந்தோம். தகட்ட எடுத்துட்டு நாளைக்கு வா."

பலகைக்கு என்ன எழுத்து என்று ராமமூர்த்தியும் சீனிவாசனும் ஒரு முற்பகல் முழுக்க விவாதித்தார்கள். வழக்கப்படி கிணற்றுக்குச் சின்ன எழுத்து. ஆனால் சின்னத் தகடு இன்னும் வந்து சேரவில்லை. தந்தியோ உடனே என்கிறது. தந்தியிலேயே கிணறு பெரிய எழுத்தில் வந்திருப்பதால் இந்தக் கிணற்றுக்கு மட்டும் பெரிய எழுத்து என்று ஒரு தனிக் குறிப்பு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவேட்டில் கலெக்டருக்கு இரண்டு வரி தள்ளி அந்தக் கிணறு ஏறியது. சீனிவாசன் மை ஒற்றும்போது பெருமூச்சு விட்டார். அவர் உத்தியோகம் இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

பலகை ஓர் ஆள் உயரம். அவர்கள் கொடுத்த காகிதத்தில் இரண்டு வரி இருந்தது. ஆதிகேசவன் காகிதத்தைப் பார்த்துத் தட்டினான். மேல் வரி, ஆபீஸ் பெயர். நடு வரி, கிணறு. பலகையில் கீழே ஒரு முழம் காலியாக இருந்தது. அவன் கை நின்றது.

"சாமி" என்று வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டான். "மேல் வரி ஆச்சு, நடு வரி ஆச்சு. கீழ இன்னா போடட்டும்?"

சீனிவாசன் டிபன் சம்புடத்தைத் திறந்திருந்தார். தயிர் சாதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வழக்கப்படி முடிச்சுட்டுப் போப்பா."

ஆதிகேசவன் பிரஷ்ஷிலிருந்த மையை வழித்தான். திரும்ப ஒரு தடவை கேட்கலாமா என்று யோசித்தான். கேட்கவில்லை.

அடுத்து எந்தத் தகடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டைத் தெரு என்று பதினெட்டு வருஷமாகச் சிப்பத்தின் மேல் வரியில் தட்டியிருக்கிறான். தெருவிலிருந்து போனதுக்குக் கணக்கில்லை. தெருவுக்கு என்று ஒன்றும் வந்ததில்லை. முதல் தடவையாக அந்தப் பெயரைக் கீழ் வரியில் வைத்தான். பிரஷ்ஷை நிதானமாகத் தோய்த்து, எழுத்து எழுத்தாகத் தட்டினான். ஆர் நொண்டிக்கொண்டு விழுந்தது.

மறுநாள் காலையில் பூவம்மாள் குடத்தோடு ஆபீஸ் கேட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் ஜஹீருன்னிசா. அவள் பின்னால் தெரு.

"ஏய், ஏய், எங்க வர்ற?" என்று பியூன் ஓடிவந்தான்.

"போர்டப் படிய்யா."

பியூனுக்குப் படிக்கத் தெரியாது. சீனிவாசனைக் கூப்பிட்டான். சீனிவாசன் வந்தார், படித்தார். கீழ் வரியில் கண் நின்றது. மறுபடி மேலிருந்து படித்தார். எல்லாம் பெரிய எழுத்து. அவர் கால் தானாகச் சேர்ந்து நின்றது. அதற்குள் பூவம்மாள் ராட்டினத்தில் கயிறு போட்டிருந்தாள்.

ராமமூர்த்தி வந்ததும் ஆதிகேசவனுக்கு ஆள் போயிற்று. மறுபடி புங்க மரத்தடி.

"இது என்ன அக்கிரமம்?" என்றார்.

"வழக்கப்படி போடச் சொன்னாங்க சாமி. எங்க வழக்கம் இதுதான். கீழ் வரி, சரக்கு யாருக்குன்னு."

ராமமூர்த்தி சீனிவாசனைப் பார்த்தார். சீனிவாசன் புங்க மரத்தைப் பார்த்தார். கிணறு முடிந்தது, பலகை வைத்தாயிற்று என்று முந்தின நாளே சென்னைக்குத் தெரிவித்திருந்தார்கள்.

"அந்த வரிய அழிச்சுடு."

"அழிக்கக் கூடாது சாமி" என்றான் ஆதிகேசவன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது அவன் தொழில். "கீழ் வரி வுழுந்தப்புறம் மாத்தணும்னா, சரக்க மொதல்ல திருப்பி அனுப்பணும். பொறப்பட்ட எடத்துக்கே. அப்புறந்தான் புது மார்க்கு. கூட்ஸ் ஷெட்ல கேட்டுப் பாருங்க. ரூல் இருக்குது."

ரூல் என்ற சொல் வராந்தாவில் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்தது. ராமமூர்த்தி உள்ளே போய் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். அதற்கு மாறாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் சென்னைக்கு ஒரு கடிதம் போயிற்று. வெட்டிய கிணற்றைத் திருப்பி அனுப்புவது எப்படி, எந்த ரயிலில், யார் செலவில் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தந்திச் செலவுக்கு அனுமதி இல்லாததால் கடிதம். வழக்கப்படி, சின்ன எழுத்தில்.

அமாவாசைக்கு முந்தின நாள் தேவகிக்குப் பெண் பிறந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட இரண்டு குடம் ஆபீஸ் தண்ணீர் ஆயிற்று. கலவையிலிருந்து வந்த வண்டி குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஐப்பசியில் சின்ன எழுத்துத் தகடுகள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. சீனிவாசன் பெட்டியைத் திறந்து ஆதிகேசவனிடம் காட்டினார். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வாலும் வயிறுமாக இருந்தது. எழுத்து மாதிரியே இல்லை. பெட்டியில் வைத்து மூடினான்.

"கிணத்தத் திருப்பி அனுப்பியாச்சா சாமி?"

"இன்னும் பதில் வரல" என்றார் சீனிவாசன்.

அவருக்குப் பின்னால் ராட்டினம் கிறீச்சிட்டது. இன்னும் எட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.